சிவப்பு அம்புக்குறியும் என் இரண்டு கால்களும்

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். அதைத் திறந்துவைக்க விழாவாம், விழாவுக்கு ஒரு மலராம். "சேர், ஒங்க அனுபவத்த எழுதித் தாங்க, ரெண்டு பக்கம் போதும்" என்று சுமதி கேட்டாள். நான் ஓய்வுபெற்று விட்டுவந்த கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவள். மெஷின் வந்ததற்கு மலர் போடுகிறவர்கள் மனிதன் போகும்போது ஒரு சுவர்க்கடிகாரத்தோடு முடித்துக்கொண்டார்களே என்ற சின்ன வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் சுமதி கேட்டதற்காக எழுதுகிறேன். இளைய தலைமுறைக்கு அறிவுரை எதுவும் இதில் கிடையாது. அது வேண்டுமென்றால் மெஷினோடு வந்த கைநூலைப் படிக்கலாம், படம் போட்டே விளக்கியிருப்பார்கள்.

நான் கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரன். வாப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் கல்லாவில் உட்காருவேன் என்று நினைத்திருந்தவரிடம் ஆய்வுகூடத் தொழில் படிக்கப்போகிறேன் என்றேன். "அடுத்தவன்ட மூத்திரத்தப் பாத்தா சம்பாதிக்கப் போற?" என்று கேட்டார். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் அதைத்தான் பார்த்தேன் என்பதால் அவரை மறுத்துப் பேச முடியவில்லை. ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திப் பழகினோம், நுணுக்குக்காட்டியில் கண் வலிக்கப் பார்த்தோம், பரீட்சையில் தேறினோம். பிறகு கண்டி நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. உண்மையில் நான் தொழில் படித்தது அங்கேதான், தில்லைநாதன் சேரிடம்.

அவர் யாழ்ப்பாணத்தார். ஒல்லியான மனிதர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் எல்லோரும் பயந்தோம். எதிர்பாராத முடிவு ஒன்று வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கெட்டுப்போன மீனைப் பிடிப்பதுபோல எட்டப் பிடித்துக்கொண்டு, "இது ஆற்ற இரத்தம்?" என்று கேட்பார். நாங்கள் பெயரையும் கட்டில் இலக்கத்தையும் சொல்வோம். "நான் பேர் கேக்கேல்லை. ஆள் எப்பிடி இருக்கிறார்? போய்ப் பாத்திட்டு வாரும்" என்பார். அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. டியூப்பில் ஒட்டியிருக்கும் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இரத்த அணுக்கள் உடைந்து மேல்நீர் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டும். அப்போதும் அதே முடிவு வந்தால் படியேறி வார்டுக்குப் போய் மனிதனைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் இருந்தது. ஆனால் அது கட்டிலில் போகிறவர்களுக்கும் பணிப்பாளருக்கும் உரியது. கண்டியின் மலையெல்லாம் ஏறியிறங்கியவன் நான், ஆனாலும் என் முழங்காலைத் தேய்த்தது அந்தப் படிகள்தான்.

ஒரு கேஸை மறக்கவே முடியாது. டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி வயிற்றுவலி என்று வந்து படுத்திருந்தார். அவருடைய பொட்டாசியத்தைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அளவு இருந்தால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். திரும்ப ஓட்டினேன், அதேதான் வந்தது. அவசரம் என்பதால் வார்டுக்குச் சொன்னேன். கடமையிலிருந்த இளம் டொக்டர் ஊசி மருந்தைத் தயார்செய்யச் சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் எடுத்து, முடிவு உறுதிதானா என்று கேட்டார். தில்லைநாதன் சேர் போனை வாங்கி, கொஞ்சம் பொறுங்கோ என்றார். என் பக்கம் திரும்பி, "அதே டியூப்பில கல்சியத்தையும் போட்டுப் பாரும்" என்றார்.

கல்சியம் இல்லையென்றே சொல்லலாம், அவ்வளவு குறைவு. சேர் தாளை எட்டப் பிடித்தார். இந்தக் கல்சியத்தோடு ஓர் ஆள் இருந்தால் கைகால் முறுக்கி இழுத்துக்கொண்டிருக்க வேண்டுமே, போய்ப் பார்த்துவிட்டு ஓடி வாரும் என்றார். ஓடினேன். முதலாளி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பலில் உப்பில்லை என்று தாதிக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். விரல்களைப் பார்த்தேன், இடியப்பத்தைப் பிசைவதில் ஒரு குறையும் இல்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் சுகமா என்று கேட்டுவைத்தேன். சுகமென்றால் இங்கே எதற்கு வருகிறேன் என்று என்மேலும் பாய்ந்தார்.

கீழே வந்து, "சேர், ஆள் சண்டை பிடிக்கிறார்" என்றேன்.

"அப்ப ஒண்டுமில்லை" என்றார் சேர்.

நடந்தது இதுதான். ஊதா மூடி போட்ட டியூப்பில் இரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது, கல்சியத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். சிவப்பு மூடி டியூப்புக்கு இரத்தம் போதாமற்போக, தாதி ஊதாவிலிருந்து கொஞ்சத்தை அதற்குள் ஊற்றி நிரப்பிவிட்டாள். சத்தம் போடும் முதலாளியை இரண்டாம் முறை குத்துவதைவிட அதுதான் அவளுக்குப் புத்தியாகத் தெரிந்திருக்கிறது. அவரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் அவளைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

சேர் தானே மேலே போனார். நானும் பின்னால் போனேன். தாதி அழுகிற நிலையில் நின்றாள். "பிள்ளை, இன்னொருக்கா எடுப்பம். நான் கையைப் பிடிக்கிறன்" என்றார், அவ்வளவுதான். முதலாளியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, துணி வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அவர் வியாபாரத்தை விளக்கி முடிப்பதற்குள் சிவப்பு மூடி முதலும் ஊதா மூடி பிறகுமாக இரத்தம் எடுத்தாயிற்று. பொட்டாசியம் எல்லா மனிதருக்கும் இருப்பதுபோல இருந்தது. இளம் டொக்டர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இறங்கிவந்து ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கையில் ஊசியோடு நின்றவரல்லவா, அவருக்கும் வியர்த்திருந்தது. முதலாளிக்கு மட்டும் ஒரு மனக்குறை. முதலில் எடுத்த இரத்தம் பயன்படவில்லையென்றால் அதைத் திருப்பி ஏற்றிவிட முடியாதா என்று கேட்டார்.

தில்லைநாதன் சேரை நான் என் வாப்பாவுக்குச் சமமாக நேசித்தேன். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். இப்போது யாரும் படியேறுவதில்லை. மெஷினிலிருந்து முடிவு நேரே நோயாளியின் போனுக்குப் போகிறது. கூடினால் மேலே பார்க்கும் சிவப்பு அம்புக்குறி, குறைந்தால் கீழே பார்க்கும் நீல அம்புக்குறி. எங்கள் ஊர்ச் சனம் அம்புக்குறி பார்ப்பதில் டொக்டர்களைத் தோற்கடித்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்காரர் தன் கொலஸ்ட்ரோலைக் காட்டி என் அபிப்பிராயம் கேட்கிறார், அவரிடம் நான் பெயர்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

என் கால்களுக்கு வந்த நோயையும் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற கொஞ்ச நாளில் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. பிறகு எரிவு. பிறகு ஒரே சமயத்தில் எரிவும் மரத்துப்போவதும். உணர்வே இல்லாத இடம் எப்படி எரியும் என்று கேட்பீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து பார்த்தால் ஒரு காலில் என்னுடையது, மறு காலில் எவருடையதோ. அதுவும் இரண்டளவு பெரியது. அதைத் தேடிக்கொண்டு வந்த ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அந்த எரிவு பரவாயில்லை.

சீனி வியாதியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். சீனி இல்லை. விற்றமின் குறைவு இல்லை. நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு பழுதுதான், ஏன் என்று தெரியவில்லை என்றார்கள். காரணம் தெரியாது என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எழுதித் தந்தபோது என் மனைவி பரீதா சந்தோஷப்பட்டாள், என்ன நோயென்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. அதன் அர்த்தத்தை நான் சொன்னபோது அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் டோஹாவிலிருக்கும் எங்கள் மகள் ருஸ்னா, என் பிறந்தநாளுக்கு முழு உடல் பரிசோதனை ஒன்றை அங்கிருந்தே பதிவுசெய்து பரிசாக அனுப்பினாள். முன்பு சட்டைத்துணி அனுப்புவார்கள். நான் என் பழைய ஆய்வுகூடத்துக்கே போய்க் கையை நீட்டினேன். பதிவுசெய்தவள் அவள் என்பதால் முடிவு அவள் போனுக்குப் போயிற்று. அவள் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஆகவே என் தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்ற செய்தியை டோஹாவும் திகனயும் அறிந்த பிறகுதான் நான் அறிந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுத இரண்டு பக்கம் போதாது. மருமகன் குளிரூட்டி வேலை செய்பவர். தைரொயிட் என்பது உடம்புக்கு ஏசி மாதிரி என்று குரல்பதிவில் நீண்ட விளக்கம் அனுப்பினார். என் கூடப்பிறந்த ராத்தா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண் பிதுங்கியிருப்பதை அவள் எப்போதோ கவனித்ததாகச் சொன்னாள். பரீதாவுக்கோ கல்யாண நாளிலிருந்து நான் பிடித்த சண்டைகளுக்கெல்லாம் விளக்கம் கிடைத்துவிட்டது. எல்லாம் தைரொயிட். நான் அப்படியெல்லாம் கோபக்காரன் இல்லை என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "பாத்தீங்களா" என்றாள் ராத்தாவிடம்.

விசேட வைத்திய நிபுணரிடம் போனோம். நல்ல மனிதர், அவசரமில்லாமல் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், நாடியைப் பிடித்தார். கை நடுங்கவில்லை, நாடி ஒழுங்காக ஓடியது. அவர் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் தெரிந்தது. என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். பரீதா பையிலிருந்து என் குளிசைகளை மேசையில் அடுக்கினாள். நரம்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. வேறு ஏதாவது என்றார். இல்லை என்றோம் இருவரும் ஒரே குரலில்.

தைரொயிட் இப்படிக் கூடியிருந்தால் சில பேருக்கு நரம்பும் பாதிக்கப்படும் என்று அவர் விளக்கினார். இதைக் குணப்படுத்தினால் கால் எரிவு குறைய இடமிருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார். பரீதா முதல் பாதியோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளத்தான் செய்தது. ஆனால் நான் தில்லைநாதன் சேரிடம் வேலை செய்தவன். மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், குளிசையை வாங்கவில்லை. அந்தக் குளிசையால் வெகு சிலருக்கு வெள்ளை அணுக்கள் விழுந்துபோகும். அப்படி விழுந்த ஒருவருடைய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் தேடித்தேடிப் பார்த்தவன் நான். இல்லாத நோய்க்கு அதை விழுங்க எனக்குப் பைத்தியமா?

நேரே சுமதியிடம் போனேன். டியூப்பை மாற்றிவிட்டீர்கள் என்றேன். இல்லை என்றாள். மெஷினைச் சரிபார்த்தீர்களா என்றேன். காலையில் ஓட்டிய கட்டுப்பாட்டுச் சோதனைகளை எடுத்துக் காட்டினாள். இரத்தம் எடுத்த பிள்ளை யார் என்றேன். "நான்தான் சேர் எடுத்தேன். ஒங்க கையில நாந்தான குத்துனேன்" என்றாள். வேறு வழியில்லாமல் இன்னொருமுறை கையை நீட்டினேன். அதே அம்புக்குறி. கட்டுகஸ்தோட்டையில் வேறொரு ஆய்வுகூடத்துக்குப் போனேன், அதே அம்புக்குறி. கண்டி டவுனில் இன்னொன்றுக்குப் போனேன். அங்கே இருந்த பொடியனிடம் மூடியின் நிறங்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கிள் கொஞ்சம் பதட்டமாக இருக்கிறீர்கள், தைரொயிட் பார்த்தீர்களா என்று கேட்டான்.

மூன்று இடமும் ஒரே முடிவைச் சொன்ன பிறகும் நான் குளிசை வாங்கவில்லை. பரீதா ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாளும் காரணம் தெரியாது, தெரியாது எண்டாங்க. இப்பதான் ஒரு பேரு கெடச்சீக்கு, மருந்தும் ஈக்கு. அதயும் பிழை எண்டு சொல்றீங்க. ஒங்களுக்குக் கால் சொகமாகணுமா, இல்லாட்டி நீங்க சொன்னது சரியாகணுமா?"

சோற்றைச் சாப்பிட்டேன். மறுநாள் குளிசையை வாங்கி வருவது என்று முடிவுசெய்தேன், அதை அவளிடமும் சொன்னேன்.

அந்தப் பின்னேரம் சுமதி வீட்டுக்கு வந்தாள். பழைய சேர் கோபித்துக்கொண்டு போய்விட்டாரே என்று மனம் பொறுக்காமல் வந்திருக்கிறாள். பரீதா தேத்தண்ணியும் தொதலும் கொடுத்தாள். பேச்சோடு பேச்சாகச் சுமதி, தனக்கு முடி கொட்டுகிறது என்றாள். பரீதா உடனே எழுந்து அலுமாரியைத் திறந்தாள்.

இந்த அலுமாரியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அவர்கள் வரும்போது சவர்க்காரம், சொக்லட், வலித் தைலம், விற்றமின் போத்தல் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், ஒரே அலுமாரியில் ஏறும். வருகிற போகிறவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்போம். வெறுங்கையோடு யாரையும் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த விற்றமினை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. மருந்து என்பது டொக்டர் எழுதுவது, இது மகள் அனுப்பியது. சொக்லட்டைச் சாப்பிடுகிறீர்களா என்று டொக்டர் கேட்டால்தான் இதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றியிருக்கும்.

பரீதா முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று சொல்லி ஒரு புதுப் போத்தலைச் சுமதியின் கையில் திணித்தாள். நரம்புக்கும் நல்லமாம், இவருக்கும் கொடுக்கிறேன், எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு என்று பெருமையாகச் சொன்னாள். சுமதி போத்தலைத் திருப்பி லேபலை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்டபாடு எனக்குத் தெரிந்தது.

"சேர், இதுல பயோட்டின்."

சொல்லி முடிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் மெஷின்கள் தைரொயிட்டைப் பிடிப்பதற்குப் பயோட்டினையே ஒரு பசைபோலப் பாவிக்கின்றன. இரத்தத்தில் ஏற்கனவே அது நிறைந்து கிடந்தால் பசை பிடிக்கவேண்டியதைப் பிடிக்காது, மெஷின் தலைகீழாக முடிவு சொல்லும். மூன்று ஆய்வுகூடத்திலும் ஒரே வகை மெஷின், ஆகவே ஒரே பொய். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சோதனைப் பெட்டியோடு வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். டியூப், மூடி, மெஷின், இரத்தம் எடுத்த கை எல்லாவற்றையும் சந்தேகித்துக் கண்டி முழுக்க அலைந்த எனக்கு என் வாயைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அன்று நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சுமதியும் நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பரீதா சிரிக்கவில்லை. போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிபுணருக்குச் சொன்னோம். அவரும் சிரித்துவிட்டு, தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். விற்றமினை நிறுத்தி, அது உடம்பை விட்டுப் போக நாள் கொடுத்து, மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார். சுமதியே குத்தினாள். அம்புக்குறி இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எல்லாம் நோர்மல். நிபுணர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குளிசை தேவையில்லை, உங்களுக்குத் தைரொயிட்டே கிடையாது, நல்ல செய்தி என்றார். நான் சொன்னதுதான் கடைசியில் சரி. வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு நல்ல வசனத்தை மனதுக்குள் தயார்செய்துகொண்டே வெளியே வந்தேன்.

ஓட்டோவில் ஏறினோம். பரீதா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லேகலையில் கிரிக்கெட் மெச் என்று வாகனங்களை நிறுத்திவைத்திருந்தார்கள். கொடி போர்த்திய பொடியன்கள் குழல் ஊதிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, ஒங்கட காலு?" என்று கேட்டாள்.

நான் தயார்செய்த வசனத்தில் கால்களைப் பற்றி ஒன்றும் இல்லை. கால்கள் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தன. தைரொயிட் பொய்யென்றால் கால் சுகமாகும் என்பதும் பொய். அதை நான் வாதாடி, அலைந்து, மூன்று இடத்தில் கையைக் குத்திக்கொண்டு நிரூபித்திருக்கிறேன். அந்த நோய் எனக்கு இருந்திருக்கலாமே என்று அழவேண்டும்போல இருந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சுமதிக்குப் போன் எடுத்தேன். என்னுடைய இரத்தத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். எல்லாம் நோர்மல்தானே சேர், ஏதும் பிரச்சினையா என்றாள்.

"ஒண்டுமில்ல. இன்னொருக்கா ஓட்டிப் பாக்க ஏலுமா?" என்றேன்.

நோர்மல் என்று வந்த இரத்தத்தை யாரும் திரும்ப ஓட்டுவதில்லை. என் உத்தியோக காலம் முழுவதிலும் அப்படி ஒருவர் என்னிடம் வந்து கேட்டதில்லை. ஏன் என்று சுமதி கேட்கவில்லை.

"சரிங்க சேர்" என்றாள். "இப்பவே போடுறேன்."